முப்பத்துநான்கு சென்டிமீட்டர்

ஏழு பன்னிரண்டு வண்டி மூன்றாம் நடைமேடையில் நாற்பது விநாடி நிற்கும்.

அந்த நாற்பது விநாடியில் பலகைக்காரனுக்கு ஒரே வேலைதான். ஐந்தாம் பெட்டியின் கதவு எந்தத் தூணுக்கு நேரே வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அங்கே பலகையைப் போடுவான். முதலில் அக்கா ஏறுவாள். அவளுக்குப் பின்னால் முழங்கால் வலிக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், கனத்த பை வைத்திருப்பவர்கள். கடைசி ஆள் ஏறியதும் பலகையை இழுத்துக்கொள்வான். வண்டி போய்விடும்.

பலகை என்று எல்லோரும் சொன்னாலும் அது ஒரு குட்டைப் படி. காத்திருப்பு அறையில் உடைந்து கிடந்த பெஞ்சின் முதுகை அறுத்து, இரண்டு பலகைகளைச் சேர்த்து, நான்கு கால் அடித்து, தூக்குவதற்கு ஒரு கயிறு கட்டியிருந்தான். உயரம் பதினேழு சென்டிமீட்டர். அவன் நிலையத்தில் உதவியாள். பெருக்குவான், கழுவுவான், மூட்டை நகர்த்துவான். சம்பளப் பட்டியலில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. நடைமேடையில் அது யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கு வலது முழங்கால் மடங்காது.

“இடது காலை முதல்ல வைக்கா.”

“தெரியும்டா. உனக்கு நடக்கப் பழக்கினதே நான்தான்.”

தினமும் இதுதான் பேச்சு. ஒரு நாளும் ஒரு சொல் மாறியதில்லை. அவனுக்கு வயது நாற்பத்தாறு.

அந்தப் பலகை வந்த கதை சின்னது. போன வருடம் புதுப் பெட்டிகள் வந்தன. பளபளவென்று இருந்தன. தளம் உயரமாக இருந்தது. முதல் நாள் இரண்டு ஆண்கள் அக்காவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். மூட்டையை ஏற்றுவதுபோல் ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, “பார்த்து உட்காருங்கம்மா” என்றார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே நான் வேலைக்குப் போகலடா” என்றாள்.

அவள் ஆஸ்பத்திரித் துணி அறையில் கிழிந்த விரிப்புகளைத் தைப்பவள். எட்டு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். ஏழு பன்னிரண்டை விட்டால் அடுத்த வண்டி ஒன்பது நாற்பதுக்கு. வீட்டில் அவர்கள் இருவர்தான். அவள் அந்த வேலைக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவன் அன்றைக்கே ரம்பத்தை எடுத்தான்.

பிறகு எல்லாம் சரியாக நடந்தது. சரியாக நடந்தது அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“எத்தனை நாளைக்கு இதைத் தூக்கிட்டு ஓடுவ? உனக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் என்ன பண்றது? எழுதிக் குடுடா. படிச்சவங்க இருக்காங்க, பார்த்துச் செய்வாங்க.”

அவன் நான்கு வரி எழுதினான். மூன்றாம் நடைமேடைக்கும் வண்டிக்கும் உயரம் பொருந்தவில்லை, வயதானவர்கள் ஏற முடியவில்லை, தயவுசெய்து சரிசெய்து தரவும், இப்படிக்கு.

ஸ்டேஷன் மாஸ்டர் அதை இரண்டு தரம் படித்தார்.

“இதை யாருக்குடா அனுப்பறது? பிளாட்பாரம் ஒருத்தரோடது. பெட்டி ஒருத்தரோடது.”

“ரெண்டு பேருக்கும் அனுப்புங்க சார்.”

“நடுவுல இருக்கே, அது?”

“அது யாரோடதுங்க?”

ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவை மூடினார். “ரெண்டு பேருக்கும் அனுப்பறேன்” என்றார்.

துறை அந்தக் கடிதத்தை நிபுணர் கருத்துக்காக இரண்டு அமைப்புகளுக்கு அனுப்பியது. ஒன்று தண்டவாளப் பொறியாளர் கழகம். தண்டவாளம், பாலம், நடைமேடை எல்லாம் அவர்கள் பக்கம். இன்னொன்று பெட்டிப் பொறியாளர் பேரவை. சக்கரத்துக்கு மேலே இருப்பதெல்லாம் அவர்கள் பக்கம். இரண்டுக்கும் நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சக்கரம் தண்டவாளத்தைத் தேய்க்கிறதா, தண்டவாளம் சக்கரத்தைத் தேய்க்கிறதா என்று ஒரு மாநாட்டில் கேள்வி எழுந்தது. அன்று மதியச் சாப்பாட்டைத் தனித்தனி மண்டபத்தில் சாப்பிட்டவர்கள், அப்புறம் சேரவே இல்லை.

இரண்டு பதில்களும் ஒரே வாரத்தில் வந்தன.

நடைமேடையின் உயரம் எண்பத்துநான்கு சென்டிமீட்டர், விதிப்படி இருக்க வேண்டியதும் எண்பத்துநான்கு, எனவே குறை எதுவும் இல்லை என்றது கழகம். பெட்டித் தளத்தின் உயரம் நூற்றுப்பதினெட்டு, விதிப்படி இருக்க வேண்டியதும் நூற்றுப்பதினெட்டு, எனவே குறை எதுவும் இல்லை என்றது பேரவை.

தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கடைசி வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. நாற்பது வருடத்தில் இரு தரப்பும் ஒரே கருத்தைச் சொன்னது இதுவே முதல் தடவை. செய்தி மேலே போனது. இந்த நல்ல நேரத்தை நழுவவிடக் கூடாது என்று முடிவாகி, இரண்டு அமைப்புகளும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்வது என்றும், அது கருத்தொற்றுமை பிறந்த இடமான மூன்றாம் நடைமேடையிலேயே நடக்கும் என்றும் கடிதம் வந்தது.

“உன்னால எவ்வளவு பெரிய காரியம் நடக்கப்போகுது பாருடா” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“பிளாட்பாரத்த ஒசத்தறாங்களா சார்?”

அவர் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். “அதப்பத்தி ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடறாங்க.”

முதலில் கூட்டு அளவீட்டுக் குழு வந்தது. கழகத்திலிருந்து ஆறு பேர், பேரவையிலிருந்து ஆறு பேர். இரண்டு பேர் மட்டும் ஒப்பந்தம் செய்தால் சண்டை தீர்ந்ததுபோல் இருக்கும், மூன்று பேர் என்றால்தான் கூட்டமைப்பு மாதிரி இருக்கும் என்று, சிக்னல் பொறியாளர் சங்கத்தின் செயலாளரையும் சேர்த்திருந்தார்கள். அவர் நடைமேடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துவிட்டுப் பலகைக்காரனிடம் வந்தார்.

“அந்த இடைவெளில சிக்னல் ஏதாவது இருக்கா?”

“இல்லீங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமா இல்லீங்க.”

அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

நிலையத்தில் ஒரு பெட்டியை நிறுத்திவைத்து அளந்தார்கள். கழகத்தின் நாடா தண்டவாளத்தில் தொடங்கி நடைமேடையின் விளிம்பில் நின்றது. எண்பத்துநான்கு. பேரவையின் நாடா தண்டவாளத்தில் தொடங்கிப் பெட்டியின் தளத்தில் நின்றது. நூற்றுப்பதினெட்டு. இரண்டு நாடாவுக்கும் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவன் பலகைக்காரன்தான். குனிந்தபடியே கேட்டான்.

“நடுவுல முப்பத்திநாலு இருக்குதுங்களே?”

கழகத்துக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். “அது அளவு இல்லப்பா. அது வித்தியாசம்.”

“வித்தியாசத்துக்கு எங்க படிவத்துல கட்டம் கிடையாது” என்றார் பேரவைக்காரர்.

“எங்களுதுலயும் கிடையாது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டார்கள். ஒத்துழைப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

விழாவுக்கு முதல் நாள் மேடை போட்டார்கள். தலைவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகள் வந்தன. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. பேரவையின் விழாப் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கழகத்தின் பொறுப்பாளர் அடுத்ததில் உட்கார்ந்து பார்த்தார். இருவர் முகமும் மாறியது. நாடா வந்தது. கழகத் தலைவரின் நாற்காலி இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருந்தது.

“இது எப்படிங்க முடியும்? ஒருத்தர் மேல ஒருத்தர் கீழ இருந்தா அதுக்குப் பேரு ஒத்துழைப்பா?”

“இப்பவே சரி பண்ணிடலாம். ஆளக் கூப்பிடுங்க.”

பலகைக்காரன் வந்து மற்ற நாற்காலியின் நான்கு கால்களுக்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டை செதுக்கி அடித்தான். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு பேரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். “ஒசரத்துல உனக்கு நல்ல கை” என்றார் ஒருவர். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னான்.

“அப்போ அவங்களுக்கு உயரம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு” என்றாள் அக்கா. அவனுடைய சட்டையில் தொங்கிய பொத்தானைக் கழற்றி, புது நூல் போட்டுத் தைத்தாள். “நாளைக்கு உன்னையும் மேடைக்குக் கூப்பிடுவாங்க. முன்னால நில்லு. வாயத் திறந்து சொல்லு.”

மறுநாள் அவள் விடுப்பு எடுத்திருந்தாள்.

பத்து மணிக்குத் தலைவர்களை ஏற்றிக்கொண்டு தனி வண்டி வந்தது. வாத்தியங்கள் முழங்கின. கதவு திறந்தது. தண்டவாளத் தலைவர் வாசலில் வந்து நின்றார். கனத்த உடம்பு, எழுபதைத் தொட்ட வயது. கீழே பார்த்தார். நின்றார். அவருக்குப் பின்னால் பெட்டித் தலைவர் வந்து, அவர் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தார். அவரும் நின்றார்.

வாத்தியங்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் தொடங்கின.

குதித்தால் முழங்கால் போய்விடும். யாராவது தூக்கி இறக்கினால் மானம் போய்விடும். படி கேட்டால் ஒப்பந்தமே போய்விடும். மூன்றும் அவர்கள் முகத்தில் தெரிந்தது. பலகைக்காரனுக்கு அந்த முகம் பழக்கம். அக்காவிடம் அதைப் பார்த்திருக்கிறான். அவன் ஓடிப்போய்ப் பலகையைக் கொண்டுவந்தான்.

“அப்படியே போடாதடா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் ஸ்டேஷன் மாஸ்டர். மேடையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை உருவி அதன்மேல் விரித்தார். ஒலிபெருக்கியில், “தலைவர்கள் இப்போது வரவேற்பு மேடை வழியாக இறங்கிவருகிறார்கள்” என்று அறிவித்தார்கள்.

பதினோரு பேர் இறங்க ஆறு நிமிடம் ஆனது. ஒவ்வொருவர் இறங்கியபோதும் கூட்டம் கைதட்டியது.

தண்டவாளத் தலைவர் முதலில் பேசினார்.

“இந்த நடைமேடையின் உயரம் எண்பத்துநான்கு. என் ஆசிரியரின் காலத்திலும் எண்பத்துநான்கு. பெட்டிகள் வரும், போகும். பயணிகள் வருவார்கள், போவார்கள். நடைமேடை எங்கும் போகாது. எங்களை யாராலும் அசைக்க முடியாது என்று சொல்வதை நாங்கள் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறோம்.”

பெட்டித் தலைவர் அடுத்து எழுந்தார்.

“எங்கள் பெட்டியில் ஏறியவர்களைக் கேட்டோம். நூற்றுக்கு நூறு பேர் வசதியாக இருக்கிறது என்றார்கள். ஏற முடியாதவர்களைக் கேட்கவில்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். வண்டியில் ஏறியவர்தான் பயணி. ஏறாதவருக்குப் பயணத்தைப் பற்றி என்ன தெரியும்?”

பெரிய கைதட்டல். சிக்னல் செயலாளர், குறிப்பிட்ட இடைவெளியில் சிக்னல் எதுவும் இல்லை என்பதைத் தங்கள் சங்கம் பன்னிரண்டு பக்கங்களில் உறுதிசெய்திருப்பதாகச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பலகைக்காரனை மேடைக்கு அழைத்தார்கள்.

சிவப்புத் துணியோடு பலகையும் மேடைக்கு வந்தது. அதை மேசைமேல் வைத்தார்கள். இரண்டு தரப்பும் இணைந்து இறங்கிவந்த முதல் பொருள் என்பதால் அதை ஒத்துழைப்பின் சின்னமாக அறிவிப்பதாகவும், கண்ணாடிப் பேழையில் வைத்து ஆறு மாதம் கழகத்திலும் ஆறு மாதம் பேரவையிலும் காட்சிக்கு வைப்பதாகவும் தண்டவாளத் தலைவர் சொன்னார். சான்றிதழை எடுத்தார். நீட்டப்போனவரின் காதில் பெட்டித் தலைவர் ஏதோ சொன்னார். தண்டவாளத் தலைவரின் கை நின்றது. ஒலிவாங்கியைப் பலகைக்காரனின் வாயருகே கொண்டுவந்தார்.

“ஒரு சின்ன விஷயம். குறை எதுவும் இல்லன்னு ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்திருக்கோம். இதுக்கு முன்னாடி இதப் பயணிகளுக்குப் போட்டிருக்கீங்களா?”

கீழே முந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அந்தப் பலகையில் கால் வைத்தவர்கள். மூன்றாம் வரிசையில் அக்கா, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். சொல்லு என்று.

அவனை யாரும் மிரட்டவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் முகம் அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. புன்னகை தயாராக இருந்தது. ஒரு சொல் வந்ததும் விரியலாம் என்று காத்திருந்தது. சான்றிதழின் ஓரத்தில் தங்க நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள். அதில் சம்பளப் பட்டியலில் இருந்த அவனுடைய பெயர் எழுதியிருந்தது.

“இல்லீங்க” என்றான்.

ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது.

“ஒரு தடவைகூட?”

“இல்லீங்க. இன்னிக்குத்தான்.”

புன்னகை விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முழங்கால் வலிக்காரர்களும் தட்டினார்கள். குழந்தைக்காரிகள் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தார்கள். அக்காவின் கைகள் மடியில் இருந்தன. அந்தச் சத்தம் அவனுக்கு இனித்தது. அதுதான் பிறகு அவனுக்கு ஆறவே இல்லை.

ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்துகள் விழுந்தன. விழா முடிந்து தலைவர்கள் வண்டிக்குத் திரும்பினார்கள். பலகை மறுபடி போடப்பட்டது. பதினோரு பேரும் அதன்மேல் கால் வைத்து ஏறினார்கள். கடைசியாக ஏறிய சிக்னல் செயலாளர் உள்ளே நின்று திரும்பி, குனிந்து, கயிற்றைப் பிடித்துப் பலகையை மேலே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது.

ஸ்டேஷன் மாஸ்டர் அவனிடம் ஒரு தாளையும் பசைக் கிண்ணத்தையும் கொடுத்தார். கூட்டுச் சுற்றறிக்கை எண் ஒன்று. மேற்படி இடைவெளியைப் பற்றிக் கூட்டு ஆய்வு நடக்கவிருப்பதால், ஆய்வு முடியும்வரை நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையில் எந்தப் பொருளையும் எவரும் வைக்கக் கூடாது. வைத்தால் ஆய்வின் முடிவு பாதிக்கப்படும்.

“ஆய்வு எப்ப சார் முடியும்?”

“மொதல்ல ஆரம்பிக்கணும்ல. ரெண்டு பக்கமும் ஒத்துக்கற மாதிரி ஒரு படிவம் தயாராகணும். அதுக்கு ஒரு குழு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொரு பலகை கிலகை செஞ்சு வெச்சிடாதடா. இதுக்கு முன்னாடி போட்டதே இல்லன்னு நீயே சொல்லியிருக்க. எழுதி வெச்சிருக்காங்க.”

ஐந்தாம் பெட்டிக்கு நேரே இருந்த தூணில் அவனே அதை ஒட்டினான். சுருக்கம் விழாமல் நீவிவிட்டான்.

அக்கா அவனுக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் போனபோது தட்டு வைத்திருந்தது. அவள் சாப்பாடு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

“எல்லாரும் பார்த்துட்டே இருந்தாங்கக்கா.”

“ம்.”

“வேற எதுவும் வாய்ல வரல.”

“இன்னும் கொஞ்சம் போடவா?”

அவன் வேண்டாம் என்றான். அவள் தட்டை எடுத்தாள். அடுப்பங்கரையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அந்தச் சான்றிதழ எங்கயாவது மடிச்சு வெச்சிடாத. சட்டம் போட்டு மாட்டணும்ல. எழுதினதெல்லாம் அழியாம இருக்கும்.”

அவள் திட்டியிருந்தால் அவன் தூங்கியிருப்பான்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்துதான் நிலையத்துக்கு நடந்தார்கள். அவள் வழக்கமான தூணருகே போய் நின்றாள். சுற்றறிக்கையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். அவன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி தள்ளி நின்றான். கைகளுக்கு வேறு வேலை இல்லை.

பலகையில் ஏறிப் பழகியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தரையைப் பார்த்தார்கள், தூணைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் கைதட்டியவர்கள். ஒரு கிழவர் மட்டும், “நேத்து நல்லா நடந்துச்சு” என்றார். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஏழு பன்னிரண்டுக்கு வண்டி வந்தது. ஐந்தாம் பெட்டியின் கதவு தூணுக்கு நேரே நின்றது.

இளவட்டங்கள் தாவி ஏறினார்கள். குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். பத்து விநாடி போயிற்று. கதவுக்குள் நின்ற இரண்டு ஆண்கள் அக்காவைப் பார்த்துக் கைகளை நீட்டினார்கள்.

“வாங்கம்மா. தூக்கி வெச்சிடறோம்.”

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. விளிம்புவரை போனாள். செருப்பின் முனை வெளியே தெரிந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஒரு கையால் கதவின் கம்பியைப் பிடித்தாள். அது அவள் தலைக்கு மேலே இருந்தது. இருபத்தைந்து விநாடி.

அவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு அடி வந்தான். அதற்குமேல் வரவில்லை. தூணில் சுற்றறிக்கை ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டியிருந்தது.

கடைசிப் பெட்டியில் கார்டு கொடியை எடுத்தார்.

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நேற்று கதவில் நின்ற தலைவர்களின் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

“சொல்லுடா. எந்தக் கால முதல்ல வைக்கட்டும்?”